இருமல் நாடா

ஒரு சென்டிமீட்டரைவிடச் சற்றே அகலம், நாற்பது சென்டிமீட்டர் போல நீளம். கையில் எடுத்தால் கொசுவலையில் கத்தரித்த துண்டு மாதிரி இருக்கும். பின்னியிருப்பது பாலிபுரொப்பிலீன் நூலில். ஏலத்தோட்டத்துக்குப் போகும் உரச் சாக்கும் அதே பிளாஸ்டிக்தான். 1954இல் இத்தாலியில் கியுலியோ நத்தா உருவாக்கிய சரக்கு. சாக்காகவும் கயிறாகவும் ஊர் சுற்றி, தையல் நூலாக ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்தது.

அதை நாடாவாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டெனும். பிரசவத்தில் முக்கி முக்கி, மூத்திரக் குழாயைத் தாங்கும் தசைநார் தளர்ந்துவிடுகிறது. இருமினால், தும்மினால் ஒழுகுவது அதனால்தான் என்றார்கள். அதுவரை வயிற்றைத் திறந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். உல்ம்ஸ்டென் 1996இல் வெளியிட்ட கட்டுரையில் 75 பெண்கள். மரத்துப்போகும் ஊசி, பிறப்புறுப்புக்குள் சின்னதாக ஒரு கீறல், அடிவயிற்றில் இரண்டு துளை, அவ்வளவுதான். குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே நாடா தொட்டில் மாதிரி கிடக்கும். முடிச்சு கிடையாது, கண்ணிகளுக்குள் சதை வளர்ந்து தானே பிடித்துக்கொள்ளும். மூத்திரப்பையில் நீரை நிரப்பி, படுத்திருப்பவளை மேஜையிலேயே இருமச் சொல்வார்கள். சொட்டு நிற்கிற அளவுக்குத்தான் நாடாவை இழுப்பார்கள். இறுகிவிடாதபடி இடையில் ஒரு கத்தரிக்கோலைச் செருகி வைப்பதும் உண்டு.

2001இல் பிரான்சின் தெலோர்ம், தொடை இடுக்கு வழியாக இன்னொரு பாதை போட்டார். உல்ம்ஸ்டென் முறையில் நாடா வைத்துக்கொண்டவர்களை 17 வருடம் கழித்து வட ஐரோப்பாவில் பரிசோதித்தபோது, வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருமினாலும் ஒழுகவில்லை.

இதற்குள் அதே வலையைப் பெரிய துண்டாக வெட்டி, கர்ப்பப்பை இறக்கத்துக்கும் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அது சதையை அரித்து வெளியே வந்தது, வலி, வழக்குகள். 2018இல் இங்கிலாந்து நாடாவையும் சேர்த்தே நிறுத்திவைத்தது. 2019இல் அமெரிக்கா, இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை மட்டும் தடுத்தது. நாடாவையும் பெரிய வலையையும் இங்கிலாந்து ஒரே தராசில் வைத்தது சரியில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் நாடாவும் சிலருக்கு அரிக்கும், சிலருக்குச் சிறுநீர் கட்டிக்கொள்ளும். வைப்பது சுலபம், எடுப்பது பெரும்பாடு. வைக்குமுன் இதைச் சொல்லியாக வேண்டும்.

விடியுமுன் கம்பத்திலும் போடியிலும் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறும் பெண்களிடம் யார் சொல்வது? போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி தூக்கிப்போடும். தாகத்தை அடக்கிக்கொண்டு, பழைய சேலைத்துணியை மடித்து வைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. “புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கிறதுதான்” என்று வீட்டில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கானாவிலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ வந்தாலும், எடுத்தவுடன் நாடா இல்லை. இருமினால் போகிறதா, அவசரம் தாங்காமல் போகிறதா என்று பிரிக்க வேண்டும். இரண்டாவதற்கு நாடா உதவாது. முதலில் மூன்று மாதம் இடுப்பு அடித்தசையை இறுக்கி விடும் பயிற்சி. இன்னும் பிள்ளை வேண்டுமென்றால் பொதுவாகக் காத்திருக்கச் சொல்வார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு பரிசோதனை. டாக்டரம்மா பக்கத்தில் நின்று, “நல்லா இருமுங்கம்மா” என்பார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தொண்டையிலேயே ஒரு செருமல்.

“இன்னும் பலமா.”