செய்தி கைமாறிய கதை: விருத்தாசலத்தில் மனைத் தரகும் சமூக வலைத்தளங்களும்

ஓர் ஊரில் நிலம் விலைக்கு வருகிறது என்பதை முதலில் அறிபவர் யார்? அந்த ஊரின் நில வணிக வரலாற்றை இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே எழுதலாம். விலையும் சட்டமும் மாறியது உண்மைதான். ஆனால் விருத்தாசலம் போன்ற ஊர்களில் தொழிலைப் புரட்டிப் போட்டது, விற்பனைச் செய்தி ஒருவர் கையிலிருந்து எல்லோர் கைக்கும் போனதே என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சோழர் காலத்தில் நில விற்பனை ஊரறிந்த செயல். சபையார் கூடி விற்றதையும் கொடுத்ததையும் நான்கெல்லையோடு கல்லில் வெட்டினார்கள். சோழ அரசி செம்பியன் மாதேவி, விருத்தாசலத்தின் பழம்பெயரான திருமுதுகுன்றத்தில் கற்றளியாக எடுப்பித்த பழமலைநாதர் கோயிலும் அந்தக் கல்வெட்டு மரபில் வந்ததே. ஆங்கிலேய ஆட்சியில் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் வந்தபின் சான்று சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்துக்குள் போயிற்று. நடந்து முடிந்த விற்பனைக்குப் புத்தகம் சாட்சி சொல்லும். நடக்கவிருக்கும் விற்பனையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அந்த இடைவெளியில்தான் தரகர் வளர்ந்தார்.

தரகரின் முதல், பணமன்று, தகவல். எந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, எந்த அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கப் போகிறார்கள், யாருக்குக் கடன் நெருக்குகிறது என்பதையெல்லாம் டீக்கடையிலும் பத்திர எழுத்தர் திண்ணையிலும் திரட்டிவைத்திருப்பார். டோக்கன் அட்வான்ஸ் கைமாறும்வரை விற்பவரையும் வாங்குபவரையும் நேரில் சந்திக்கவிடாமல் காப்பதில்தான் அவருடைய கமிஷன் இருந்தது.

வாங்குவோர் கூட்டமும் மெல்ல விரிந்தது. சென்னை–திருச்சி கார்டு லைன் ரயில் பாதையில் சேலத்துக்கும் கடலூருக்கும் பாதை பிரியும் சந்திப்பு விருத்தாசலம். பெரிய ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், அரசு பீங்கான் தொழிற்பேட்டை, அதைச் சுற்றி எழுந்த சிறு சூளைகள் என்று ஊருக்குள் பணம் புழங்கப் பல வழிகள் இருந்தன. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பக்கத்திலேயே மாதச் சம்பளக்காரர்களை உருவாக்கியது. ஓய்வுபெற்றதும் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டிய அவர்களுக்குச் சொந்த மனை கனவன்று, தேவை. 1990களில் வயல்களை மனைகளாகப் பிரித்து ‘நகர்’ என்று பெயர்வைக்கும் வழக்கம் தமிழகம் முழுக்கப் பரவியது. நாளிதழ் விளம்பரமும், ஞாயிற்றுக்கிழமை இலவச வேனும் மதியச் சாப்பாடும் அந்தக் காலத்தின் அடையாளங்கள். 2005, 2006 வாக்கில் 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற இணையதளங்கள் வந்தன. அவற்றின் கவனம் பெருநகரங்களில்தான் இருந்தது. சிறுநகரத் தரகரை அவை அசைத்ததாகத் தெரியவில்லை.

அசைத்தது 2016. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கி, கைப்பேசி இணையம் மலிவானது. நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டில் அத்தகைய மனைகளுக்கான வரன்முறை விதிகளும், மத்திய ரியல் எஸ்டேட் சட்டத்துக்கான தமிழக விதிகளும் வந்தன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்தக் கைப்பேசி மாற்றமும் சட்ட மாற்றமும் சேர்ந்தே புதிய சந்தையை வடிவமைத்தன என்பது என் கணிப்பு. பஞ்சாயத்து அப்ரூவலை நம்பி வாங்கியவர்கள் பதிவு முடியாமல் தவித்த அதே மாதங்களில், வாட்ஸ்அப் குழுக்களில் ‘டிடிசிபி அப்ரூவ்டு’ (நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரம் பெற்றது) என்பதே முதல் வரியாயிற்று.

இந்தச் சந்தையில் விற்பவர் தம் மனையைத் தாமே படமெடுத்துப் போடுகிறார். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் மகன் காணொளியில் பார்த்து முடிவெடுக்கிறான்; ஊரிலிருக்கும் அப்பா போய் எல்லைக்கல்லைப் பார்த்துவருகிறார். இவ்வூர் அடங்கிய பழைய தென்னார்க்காட்டு வழக்கில் காணிக் கணக்கில் பேசப்பட்ட நிலம், வெளியூர்க் கண்களுக்காகச் சென்ட்டாகவும் சதுர அடியாகவும் எழுதப்படுகிறது.

விலையில்தான் பாதிப்பு ஆழமானது. முன்பு கடைசியாக என்ன விலைக்கு முடிந்தது என்பது தரகர் வாயிலாகப் பரவும். இப்போது பரவுவது கேட்கும் விலை. விற்காமல் கிடக்கும் மனையின் விலையும் குழுவில் வந்துவிட்டால், பக்கத்து நிலக்காரர் அதையே ஊர் விலையாக எடுத்துக்கொள்கிறார். பத்திர விலைக்கு அடிப்படையான அரசின் வழிகாட்டி மதிப்பு வேறு. அது 2017 ஜூனில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கு மீட்கப்பட்டது. பத்திரத்தில் எழுதும் விலை, உண்மையில் கைமாறும் விலை, திரையில் ஓடும் விலை என மூன்றும் விலகி நிற்கும்போது, இழப்பு முதல்முறை வாங்கும் எளிய குடும்பத்துக்கே.

தரகர் மறைந்துவிடவில்லை. செய்தியை விற்றவர் இப்போது சரிபார்ப்பை விற்கிறார். 1975 முதலான வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்; பட்டா, சிட்டாவும் அப்படியே. ஆனால் வில்லங்கத்தில் வராத வாரிசுப் பங்கும், வாய்மொழிப் பாகமும், மழைக்காலத்தில் மட்டும் தெரியும் நீர்வழியும் ட்ரோன் படத்தில் தெரியாது. அதை அறிந்தவர் உள்ளூர்க்காரர். இந்த அறிவுக்கு மதிப்புக் கூடியிருப்பதை நல்ல மாற்றமாகவே பார்க்கிறேன்.

திரையில் ஓடும் இந்தச் சந்தையைச் சட்டமும் கவனிக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், விற்பனை அறிவிப்பு எந்த ஊடகத்தில் எந்த வடிவில் வந்தாலும் அதை விளம்பரமாகவே கொள்கிறது. எந்த ஊடகத்தின் வழியாகவேனும் இரு தரப்பையும் அறிமுகப்படுத்திக் கமிஷன் வாங்குபவர் முகவர். அப்படிப் பார்த்தால், மனைப்பிரிவைக் காணொளியில் காட்டிக் கமிஷன் வாங்குபவரும் பதிவுசெய்தாக வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைப்பிரிவும், தனிமனிதர் மறுவிற்பனை செய்யும் ஒற்றை மனையும் இந்தச் சட்டத்தின் பதிவு வளையத்துக்குள் வருவதில்லை. குழுக்களில் ஓடுவதில் பெரும்பகுதி இத்தகையவையே என்று தோன்றுகிறது.

பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் இழப்பீடு கோர அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம்தருகிறது. கோருவதற்கு விளம்பரம் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். காணொளியை எந்நேரமும் நீக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக்க அதற்குரிய சான்றிதழையும் கேட்கிறது. மனை வாங்குபவர் பத்திர நகலோடு சேர்த்து, தாம் முதலில் பார்த்த அந்த விளம்பரத்தையும் தேதியோடு சேமித்துவைக்க வேண்டியிருக்கிறது.