கோள்களைப் பார்க்கப் பிறந்த கண்

1969 அக்டோபரில் ஒரு நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கரும்பலகை முன் கூடினார்கள். படம் எடுப்பது அன்று அவர்களின் முதல் நோக்கம் இல்லை. கணினிக்குப் புதுவகை நினைவகம் ஒன்று வேண்டும் என்று மேலிடம் நெருக்கிக்கொண்டிருந்தது. அதே கூடத்தில் வேறொரு குழு காந்தக் குமிழிகளை வைத்து நினைவகம் செய்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. போட்டியாக எதையாவது காட்டாவிட்டால் குறைக்கடத்திப் பிரிவுக்கு வரும் பணம் அந்தப் பக்கம் போய்விடும். ஒரு மணி நேரத்துக்குள் இருவரும் ஒரு சில்லின் வரைபடத்தைப் போட்டு முடித்தார்கள். சிலிக்கானில் வரிசை வரிசையாக நுண்குழிகள், ஒவ்வொன்றிலும் துளி மின்னூட்டம், அதை ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தள்ளிக்கொண்டே போகும் ஏற்பாடு. நினைவகமாக அது நிலைக்கவில்லை. ஆனால் சிலிக்கானுக்கு இன்னொரு குணம் இருந்தது. வெளிச்சம் பட்டால் அதில் தானாகவே மின்னூட்டம் பிறக்கும்.

அந்தக் குணம்தான் ஃபிலிமின் விதியை எழுதியது. சி.சி.டி. என்று பெயர் பெற்ற அந்தச் சில்லை வைத்து 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு கேமராவைச் செய்தார். பத்தாயிரம் பிக்சல் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் சி.சி.டி. வீடியோ கேமராக்களிலும் வானியல் கூடங்களிலும் ஹபிள் தொலைநோக்கியிலும் குடியேறியது. பாயிலுக்கும் ஸ்மித்துக்கும் 2009இல் நோபல் பரிசும் வந்தது. அதற்கு வெகு முன்பே, பூமியை விட்டு வெகுதூரம் போன கலங்களில் இந்தக் கண்ணுக்கு ஒரு நோய் தெரியத் தொடங்கியிருந்தது.

நோய் அதன் பிறப்பிலேயே இருந்தது. கிணற்றடியில் ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றுவதைப் போலத்தான் சி.சி.டி. வேலை செய்தது. ஒரு மூலையில் விழுந்த வெளிச்சம் தந்த மின்னூட்டம், ஆயிரக்கணக்கான கைகள் மாறித்தான் மறு மூலையிலிருந்த அளவுமானிக்குப் போய்ச் சேர முடியும். ஒவ்வொரு கையிலும் லட்சத்தில் ஒரு பங்கு சிந்தினாலே படம் மங்கும். விண்வெளிக் கதிர்வீச்சோ சிலிக்கான் படிகத்தில் காயம் ஏற்படுத்தி, போகும் வழியிலேயே மின்னூட்டத்தைச் சிக்க வைத்தது. போதாக்குறைக்கு அந்தச் சில்லு மின்சாரத்தை அதிகம் தின்றது, தன்னை இயக்கத் தனியாக ஒரு கூட்டம் மின்சுற்றுகளையும் கேட்டது. சூரிய ஒளி மங்கிய தூரத்தில், ஒவ்வொரு வாட்டும் ஒவ்வொரு கிராமும் எண்ணப்படும் கலத்தில், இத்தனை செலவாளியான கண்ணை எத்தனை நாள் சுமப்பது?

1990இல் எரிக் ஃபாஸம் என்ற பேராசிரியர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை விட்டு, கலிஃபோர்னியாவில் நாசாவுக்காக இயங்கும் ஜே.பி.எல். ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கோள்களுக்குப் போகும் கேமராக்களைச் சுருக்குவது அவருக்குத் தந்த வேலை. 1992இல் டான் கோல்டின் நாசாவின் தலைமைக்கு வந்து, கலங்கள் சீக்கிரமாகவும் சிறிதாகவும் மலிவாகவும் வரவேண்டும் என்று அறிவித்ததும் அந்த வேலைக்கு அவசரம் கூடியது. ஃபாஸம் கையில் எடுத்ததோ, ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட யோசனை.

மின்னூட்டத்தை ஏன் சில்லு முழுக்க நடத்த வேண்டும், ஒவ்வொரு பிக்சலுக்குள்ளேயும் ஒரு சிறு பெருக்கியை வைத்து அங்கேயே அளந்துவிட்டால் என்ன என்பது 1960களிலேயே சிலருக்குத் தோன்றியதுதான். அன்று டிரான்சிஸ்டர்கள் பெரியவை, அவை பிக்சலையே அடைத்துக்கொண்டன. ஒரு பெருக்கி போல் இன்னொன்று இல்லாததால் படம் முழுக்கப் புள்ளியும் கோடுமாக இரைச்சல் எழுந்தது. சி.சி.டி. வந்ததும் அந்த வழியைப் பெரும்பாலோர் மறந்தார்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் கணினித் தொழில் டிரான்சிஸ்டரைச் சுருக்கிச் சுருக்கிக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்திருந்தது. ஃபாஸம் குழு ஒரு சமயோசிதமான வேலை செய்தது. சி.சி.டி.யின் கைமாற்றும் வித்தையை ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரே ஒருமுறை மட்டும் நிகழ்த்தினார்கள். மின்னூட்டம் வருவதற்கு முன் ஓர் அளவு, வந்த பின் ஓர் அளவு. இரண்டையும் கழித்தால் பெருக்கியின் சொந்த இரைச்சலில் பெரும்பகுதி கழிந்து போனது. சாதாரணக் கணினிச் சில்லு செய்யும் ஆலையிலேயே, சீமாஸ் முறையில், இதைச் செய்ய முடிந்தது. கேமராவின் மின்சுற்று மொத்தமும் ஒரே சில்லில் அடங்கியது. கோள்களுக்குப் போகக் கண் தயார். கலங்கள்தான் அதை ஏற்றிக்கொள்ளவில்லை.

விண்வெளித் திட்டங்கள் பழகிய பாதையை எளிதில் விடுவதில்லை. 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகள்கூட சி.சி.டி. கண்களோடுதான் போயின. தொழில்துறையிலும் பெரும்பாலோர் சீமாஸ் சில்லை மலிவுச் சரக்காகவே பார்த்தார்கள். ஆரம்பகாலப் படங்கள் அப்படித்தான் இருந்தன. 1995இல் ஃபாஸமும் சப்ரினா கெமெனியும் சகாக்களும் ஃபோட்டோபிட் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கணினி மேலே ஒட்டும் வெப்கேமரா, நோயாளி விழுங்கும் மாத்திரைக்குள் அடங்கிக் குடலைப் படம்பிடிக்கும் கேமரா என்று சின்னச் சின்ன இடங்களில் அந்தக் கண்ணுக்கு வேலை கிடைத்தது. அதன் பெரிய வாய்ப்புக்கான முன்னறிவிப்பு, கலிஃபோர்னியாவின் ஒரு பிரசவ அறையில் நிகழ்ந்தது.

1997 ஜூன் 11. சான்டா குரூஸ் நகரில் மனைவியின் பிரசவத்துக்காகக் காத்திருந்தார் மென்பொருள் தொழிலதிபர் ஃபிலிப் கான். படம் எடுத்த கையோடு நண்பர்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்ய அவர் சில காலமாகவே முயன்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கேசியோ டிஜிட்டல் கேமரா, ஒரு தோஷிபா மடிக்கணினி, ஒரு மோட்டரோலா ஸ்டார்டாக் செல்பேசி. மருத்துவமனையிலேயே உட்கார்ந்து மூன்றையும் கம்பியால் இணைத்து, இடையில் ஓடவேண்டிய நிரலையும் எழுதினார். மகள் பிறந்ததும் எடுத்த படம் அங்கிருந்தே 2,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மேசை நிறைய வைத்திருந்த அந்த மூன்று கருவிகளும் ஒரே கருவியாக வேண்டுமானால், குறைந்த மின்சாரத்தில் ஓடும், மலிவான, நகம் அளவுக் கண் ஒன்று தேவைப்பட்டது.

அந்தக் கண் ஏற்கெனவே பிறந்து வேலை தேடிக்கொண்டிருந்தது. 2000 நவம்பரில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனத்தின் ஜே-எஸ்எச்04 விற்பனைக்கு வந்தது. முதுகில் 1,10,000 பிக்சல் கொண்ட சீமாஸ் கண். அதற்கு முந்தைய ஆண்டே கியோசெரா ஒரு கேமரா ஃபோனை விற்றிருந்தாலும், எடுத்த படத்தை உடனே அஞ்சலாக அனுப்பும் பழக்கத்தை ஜப்பானிய இளைஞர்களிடம் பரப்பியது ஷார்ப்தான். ஆக, கோள்களுக்காகச் சுருக்கிய கண்தான் இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கும் செல்ஃபோன் கேமரா. அதே 2000இல் ஜப்பானில் இன்னொன்றும் நடந்தது. கேனான் நிறுவனம் டி30 என்ற பெரிய கேமராவை வெளியிட்டது. அதன் உள்ளே இருந்ததும் சீமாஸ் சில்லுதான். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், ஒன்று பட்டாணி அளவு, இன்னொன்று தபால்தலை அளவு. சின்னது பெரியதை எட்டுமா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

முதலில் நோக்கியா பரப்பளவால் பதில் சொல்லப் பார்த்தது. 2012இல் வந்த 808 பியூர்வியூ ஃபோனில் 41 மெகாபிக்சல் சென்சார். முதுகு புடைத்து நின்றது, ஆனால் படங்களைப் பார்த்துக் கேமராக்காரர்களே வியந்தார்கள். பாவம், அது ஓடிய சிம்பியன் மென்பொருளுக்கு அப்போது ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு சோனி வேறு திசையில் போனது. ஃபோனுக்குள் பக்கவாட்டில் இடமே இல்லை. ஆகவே பிக்சல்களுக்கு அருகே இருந்த மின்சுற்றைப் பிரித்து எடுத்து, பிக்சல்களுக்கு அடியில் இரண்டாம் அடுக்காகப் பொருத்தினார்கள். இடநெருக்கடியில் பிறந்த அந்த அடுக்குச் சென்சார் எங்கே போய் நிற்கப் போகிறது என்று அன்று யாரும் கணித்திருக்க மாட்டார்கள்.

சின்னது பெரியதை எட்டுமா என்ற கேள்விக்கு விடை தெரியும் முன்பே, 2013 மே மாத இறுதியில் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் தன் புகைப்படப் பிரிவையே கலைத்தது. 28 பேர் வேலை இழந்தார்கள். புலிட்சர் பரிசு பெற்ற ஜான் வைட்டும் அவர்களில் ஒருவர். செய்தியாளர்களுக்கு ஐஃபோனில் படமெடுக்கப் பயிற்சி தரப்பட்டது. ஒரு கருவியைப் பற்றிய கேள்விக்கு மனிதர்களின் பிழைப்பை வைத்துப் பதில் சொன்ன அந்த முடிவை இன்றும் ஏற்க முடியவில்லை. ஒளி குறைந்த ஆட்டக்களத்தில், நெருங்க முடியாத தூரத்தில் ஓடும் வீரரைப் பிடிக்க அன்றைய ஃபோனால் ஆகவில்லை. ஓராண்டுக்குள்ளேயே அந்த நாளிதழ் நான்கு புகைப்படக்காரர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் கூகுள் நிறுவனத்தில், சென்சாரைப் பெரிதாக்காமலேயே பெரிதாக்கும் வழி ஒன்று கிடைத்திருந்தது.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் லெவாய் அங்கே கூகுள் கிளாஸ் என்ற கண்ணாடிக்கான கேமராவில் வேலை செய்துகொண்டிருந்தார். மூக்கின் மேல் சுமக்கும் கருவியில் பெரிய லென்ஸுக்கு இடம் ஏது? ஒரே படத்துக்கு நிறைய வெளிச்சம் கிடைக்காவிட்டால், வெளிச்சம் குறைந்த பல படங்களைப் படபடவென்று எடுத்துச் சேர்ப்போம் என்று அவர் குழு இறங்கியது. வெளிச்சம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழும், இரைச்சல் இடம் மாறி மாறி விழும். ஒன்பது படங்களின் சராசரியை எடுத்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கூகுள் கிளாஸ் சந்தையில் தோற்றது. அதற்காகச் செய்த வித்தையோ 2013இல் நெக்ஸஸ் 5 ஃபோனுக்கு ஏறியது. 2018இல் வந்த நைட் சைட் என்ற இரவுப்பட வசதி, கையில் பிடித்தபடியே 15 படங்கள் வரை சேர்த்து, இருட்டுத் தெருவை வெளிச்சமாகக் காட்டியது. அந்த ஆண்டு வந்த கூகுளின் பிக்சல் 3 ஃபோன் அதைவிட விந்தையான ஒன்றைச் செய்தது. நூறாண்டுக்கு மேலாகப் புகைப்படக்காரர்கள் பகையாக நினைத்த கைநடுக்கத்தை அது துணைக்கு அழைத்தது.

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கும். மற்ற இரண்டும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துச் செய்யும் ஊகம். கை நடுங்கினால், அடுத்தடுத்த படங்களில் பிக்சல்கள் இம்மியளவு நகர்ந்து, விட்டுப்போன நிறங்களையும் நேரடியாகப் பார்த்துவிடுகின்றன. ஃபோனை டிரைபாடில் அசையாமல் வைத்தால், லென்ஸை அது தானே மெல்ல ஆட்டிக்கொண்டது! பரப்பளவில் இல்லாததை நேரத்தில் சம்பாதித்த இந்தச் சாதனைக்கு மனமாரத் தலைவணங்கலாம். ஆனால் நேரம் எல்லோரிடமும் கடன் கிடைப்பதில்லை. கோபுரம் காத்திருக்கும், மலை காத்திருக்கும். பந்தை நோக்கிப் பாயும் விக்கெட் கீப்பரும் மீனைக் கவ்வும் மீன்கொத்தியும் 15 படங்களுக்கு நிற்பார்களா?

இன்னொரு சிக்கல் 2020 செப்டம்பர் 9 அன்று வெளிப்பட்டது. காட்டுத்தீயின் புகை மூடி, சான் ஃபிரான்சிஸ்கோவில் பட்டப்பகலில் வானம் கடும் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. மக்கள் ஃபோனை உயர்த்தினார்கள். படத்தில் வந்ததோ சாம்பல் வானம். இப்படி ஒரு நிறம் வானத்துக்கு இருக்காது என்று ஃபோனின் மென்பொருள் தீர்மானித்து, ‘திருத்தி’யிருந்தது. நிறத்தைக் கையால் அமைக்கும் செயலிகளைத் தேடிப் பிடித்தவர்களுக்குத்தான் கண்ட வானம் கிடைத்தது. தானாக நிறம் பார்க்கும் நிலையில் விட்டால் பெரிய கேமராவும் இப்படித் தடுமாறக்கூடியதுதான். ஆனால் அங்கே கடிவாளம் விரலுக்கு அடியில் இருக்கிறது. ஃபோனில் அது மென்பொருளுக்குள் எங்கோ ஒளிந்திருந்தது.

இதற்கிடையே சோனியின் அடுக்குச் சென்சார் தன் பயணத்தை முடித்திருந்தது. 2017இல் அது 36-க்கு 24 மில்லிமீட்டர் முழு அளவில் ஏ9 என்ற தொழில்முறை கேமராவுக்குள் நுழைந்தது. ஃபோனின் நெருக்கடி கண்டுபிடித்த வித்தை, அங்கே வேகத்துக்கான வழியாக மாறியது. விநாடிக்கு 20 படம், சத்தமே இல்லாமல். சின்னது ஓடிப் பிடிக்க நினைத்த தூரத்தை, சின்னதின் கண்டுபிடிப்பே பெரியதற்குக் கூட்டிக் கொடுத்தது. பல ஆண்டுகள் ஃபோன்களில் இருந்த முதன்மைச் சென்சாரின் பரப்பு சுமார் 24 சதுர மில்லிமீட்டர். முழு அளவுச் சென்சாருக்கு 864. 35 மடங்குக்கு மேல் இருந்த இந்த இடைவெளியை, 2022இல் ஷியாவ்மி 12எஸ் அல்ட்ரா போன்ற ஃபோன்கள் ‘ஒரு அங்குல’ வகைச் சென்சாரை வைத்து சுமார் ஏழு மடங்குக்குக் குறைத்தன. முதுகில் லென்ஸ் வட்டம் தட்டு போல எழும்பி நின்றது. அதற்கு மேல் வளர ஃபோனின் தடிமன் இடம் தரவில்லை. சென்சார் வளர்ந்தால் லென்ஸும் விலகி நிற்க வேண்டும்.

பிறந்த நோக்கமும் வீண்போகவில்லை. 2021 ஏப்ரலில் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரில் இருந்த 13 மெகாபிக்சல் வண்ணக் கண், செல்பேசிகளுக்காகச் சோனி தயாரித்த சீமாஸ் சென்சார்.

பூமியில் அந்தக் கண் தோற்கடித்தது, சட்டைப்பையில் அடங்கும் சிறு கேமராக்களை. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் 2010இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்களை அனுப்பினார்கள். 2020இல் அது ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டது. ஆட்டக்களத்தின் ஓரத்தில் மட்டும் பெரிய கேமராக்களின் லென்ஸ்கள் அப்படியே நிற்கின்றன. 400 மில்லிமீட்டர் குவியத்தூரமும் எஃப்/2.8 துளையும் வேண்டுமென்றால் 14 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான வழி வெளிச்சத்துக்கு வேண்டும், சாதாரண ஃபோனின் அகலமே அதைவிடக் குறைவு. சினிமாவிலும் பெரிய லென்ஸின் தேவை போகவில்லை. 2025இல் வந்த ‘28 இயர்ஸ் லேட்டர்’ திரைப்படத்தின் பல காட்சிகளை இயக்குநர் டேனி பாயிலின் குழு ஐஃபோன் 15 ப்ரோ மேக்ஸில் எடுத்தது. அந்த ஃபோன்களை உலோகச் சட்டங்களில் பூட்டி, முன்னால் சினிமா லென்ஸ்களை மாட்டித்தான் எடுத்தார்கள்.