மாண்டலின் ஸ்ரீநிவாஸ் விட்டுச்சென்றது என்ன? ஒரு விவாதத்தின் வரலாறு

உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் (பிப்ரவரி 28, 1969 – செப்டம்பர் 19, 2014) மேல்நாட்டுத் தந்தி வாத்தியமான மாண்டலினில் கர்நாடக இசைக் கச்சேரி செய்து புகழ்பெற்ற கலைஞர். தமிழ்நாட்டில் ‘மாண்டலின் ஸ்ரீநிவாஸ்’ என்றே அறியப்பட்டார். ஆந்திரத்தில் பிறந்து, சிறுவனாகச் சென்னை வந்து, முப்பதாண்டுகளுக்கு மேல் சபாக்களிலும் விழாக்களிலும் வெளிநாட்டு மேடைகளிலும் வாசித்தார். 45 வயதில் சென்னையில் காலமானார்.

அவர் மேதை என்பதில் ரசிகர்களிடையே பெரிய சச்சரவு இல்லை. அவர் எதை விட்டுச்சென்றார் என்பதில்தான் சச்சரவு. ஒரு தரப்பாருக்கு அவர் கர்நாடக இசைக்கு ஒரு புதிய வாத்தியத்தையே தந்துவிட்டுப் போனவர். மற்றொரு தரப்பாருக்கு அவர் ஒரு தனிமனித அதிசயம். அந்த இசை அவரோடு வந்தது, அவரோடு போய்விட்டது. இக்கட்டுரை இந்த விவாதத்தை, கர்நாடக இசையில் மேல்நாட்டு வாத்தியங்கள் நுழைந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கிறது.

வாத்தியத்தில் இருந்த சிக்கல்

மாண்டலின் இத்தாலியில் உருவான வாத்தியம். நான்கு ஜோடிகளாக எட்டுத் தந்திகள் கொண்டது. ஒவ்வொரு ஜோடியும் ஒரே சுருதியில் சேர்க்கப்பட்டிருக்கும். ஸ்வரத்துக்கு ஒரு மெட்டு என்று விரல்பலகையில் மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் இதைத் திரையிசை வழியாகத்தான் பலரும் கேட்டிருந்தனர். இந்தித் திரைப்பட இசையமைப்பாளர் சஜ்ஜாத் உசேன் (1917–1995) மாண்டலின் வாசிப்பில் பெயர்பெற்றவர். தமிழ்த் திரைப்படப் பாடல்களின் பின்னணியிலும் மாண்டலின் ஒலித்தது.

ஆனால் கர்நாடக இசைக்கு இந்த அமைப்பு இடைஞ்சலானது. இவ்விசையில் ஸ்வரம் என்பது ஒரு நிலையான புள்ளி அல்ல. அதை அசைத்தும் வளைத்தும் அடுத்த ஸ்வரத்தோடு இழைத்தும் பாடுவதே கமகம். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்தி வாசித்தால் அது தோடியாகாது. வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயரமாகப் பதிக்கப்பட்டிருப்பதால், ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே பல ஸ்வரங்களைப் பேசவைக்க முடியும். மாண்டலினில் அது எளிதல்ல. ஜோடித் தந்திகளைச் சேர்த்து இழுத்தால் இரண்டுக்கும் சுருதி பிசகும். ஒலியும் மீட்டிய கணத்திலேயே தேய்ந்து மறையும். தேய்ந்துபோன ஒலியில் கமகத்துக்கு இடம் ஏது?

ஸ்ரீநிவாஸ் ஜோடித் தந்திகளைக் கைவிட்டு ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் நான்கு தந்திகள்; பின்னர் ஐந்து. ஒற்றைத் தந்தியை இழுக்கலாம், அதன்மேல் விரலைச் சறுக்கலாம். ஒலிபெருக்கி வழியாக நாதம் நீண்டு நின்றது. வாத்தியத்தின் பெயர் மாறவில்லை. ஆனால் அது செய்யும் வேலை மாறிவிட்டது.

பயிற்சியும் வளர்ச்சியும்

ஸ்ரீநிவாஸ் ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்திலுள்ள பாலகொல்லுவில் பிறந்தார். தந்தை சத்தியநாராயணா இசைக் கலைஞர். வீட்டில் இருந்த மாண்டலினைச் சிறுவன் எடுத்து வாசிப்பதைக் கண்டு, ருத்ரராஜு சுப்பராஜுவிடம் பயிற்சிக்கு அனுப்பினார். சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி உண்டு. சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் அல்ல. அவர் பாடிக்காட்டுவார், சிறுவன் அதை வாத்தியத்தில் கண்டுபிடித்து வாசிப்பான். எந்த விரலை எங்கே வைப்பது, எந்தத் தந்தியை எவ்வளவு இழுப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. எனவே ஸ்ரீநிவாஸின் வாசிப்பு வாய்ப்பாட்டை ஒட்டி அமைந்தது. அவருடைய விரல்நுட்பமோ முழுக்க அவரே கண்டெடுத்ததாக இருந்தது. பின்னாளில் எழுந்த விவாதத்துக்கு விதை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1978-இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனை விழாவில் அவர் முதன்முதலாக மேடையேறினார். 1981-இல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் டிசம்பர் விழாவில் வாசித்தபோது சென்னை ரசிகர்களின் கவனம் அவர்மேல் திரும்பியது. 1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். 1995-இல் கனடா கிதார் கலைஞர் மைக்கேல் புரூக்குடன் இணைந்து ‘டிரீம்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஜான் மெக்லாஃப்லின், ஜாகிர் உசேன் ஆகியோரின் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவிலும் சங்கர் மகாதேவன், வி. செல்வகணேஷ் ஆகியோருடன் இடம்பெற்றார். 1998-இல் பத்மஸ்ரீ விருதும், 2009-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதும் பெற்றார்.

ரசிகர்கள் எழுப்பும் மூன்று வழக்குகள்

முதல் வழக்கு வேகம் பற்றியது. துரித காலத்தில் அவர் விரல்கள் ஓடிய வேகம் அவைகளைக் கட்டிப்போட்டது. அந்த வேகமே ராகத்தின் நிதானத்தை விழுங்கிவிட்டது என்பது ஒரு சாரார் குறை. அவர் நிதானமாக வாசித்த ஆலாபனைகளின் ஒலிப்பதிவுகளை எதிர்த்தரப்பு சான்றாகக் காட்டுகிறது. இரண்டும் ஒரே கலைஞரின் பக்கங்கள்தாம். சிறுவயதில் வியப்பூட்டி அறிமுகமான ஒருவரை ரசிகர்கள் அந்த வியப்பிலிருந்து எளிதில் விடுவிப்பதில்லை. கைதட்டல் வேகத்துக்கே முதலில் கிடைக்கிறது.

இரண்டாவது வழக்கு கலப்பிசை பற்றியது. ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்ததால் அவர் மரபிலிருந்து விலகினார் என்பாரும், கர்நாடக இசையை உலக அவைக்குக் கொண்டுசென்றார் என்பாரும் உண்டு. கச்சேரி மேடையை அவர் ஒருபோதும் விட்டுவிடவில்லை என்பதை இரு தரப்பும் மறுப்பதில்லை. மெக்லாஃப்லின் தரப்பிலும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1970-களில் ‘சக்தி’ குழுவுக்காக அவர் மெட்டுகளுக்கிடையே பலகை குழிவாகக் குடையப்பட்ட கிதாரைப் பயன்படுத்தினார். தந்தியை ஆழமாக இழுக்கவே இந்த ஏற்பாடு. கமகத்தைத் தேடி மேல்நாட்டுக் கலைஞர் தம் வாத்தியத்தை மாற்றிக்கொண்டார். இங்கிருந்த சிறுவன் தன் வாத்தியத்தை மாற்றிக்கொண்டான். இருவரும் ஒரே சிக்கலை இரு திசைகளிலிருந்து அணுகியவர்கள்.

மூன்றாவது வழக்கு அங்கீகாரம் பற்றியது. சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்கு வழங்கப்படவில்லை. வாத்தியம் அந்நியமானது என்பதே காரணம் என்று சில ரசிகர்கள் வருந்துகின்றனர். ஆனால் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜன் 2008-இல் அதே விருதைப் பெற்றார். ஆகவே அயல்நாட்டு வாத்தியம் என்ற ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

நிலைத்த வாத்தியங்களும் நிலைக்காதவையும்

கர்நாடக இசை அயல்நாட்டு வாத்தியங்களுக்குக் கதவடைத்த இசை அல்ல. அது வைத்த நிபந்தனை வேறு. வயலினும் ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்தவையே. வயலின் ஏற்கப்பட்டது, ஆர்மோனியம் ஒதுக்கப்பட்டது. ஆர்மோனியத்தில் ஸ்வரங்கள் கட்டைகளில் நிலையாக நிற்பதால் கமகம் பேசாது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடையே விதித்திருந்தது.

வயலின் நிலைத்த கதை பாடமானது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859), சென்னையை அடுத்த மணலியில் குடும்பம் தங்கியிருந்த காலத்தில் ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அவைக்குக் கொண்டுசென்றார். 1834-இல் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்த வயலின் பரிசளித்தார். கலைஞர்கள் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கத் தொடங்கினர். வாத்தியத்தைத் தாங்கும் வேலையிலிருந்து இடக்கை விடுபட்டது. தந்தியில் மேலும் கீழும் தாராளமாகச் சறுக்கியது. அதைவிட முக்கியமானது, வயலின் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக ஆனது. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு வயலின் கலைஞர் தேவைப்பட்டார். தேவை இருந்ததால் ஆசிரியர்கள் உருவாயினர். ஆசிரியர்கள் இருந்ததால் மாணவர்கள் பெருகினர். மேதைகள் பிறக்காத தலைமுறையிலும் வயலின் பிழைத்திருக்கும்.

கிளாரினெட் வேறு வழியில் சென்றது. 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அவை வழியாக அது சதிர் நடனத்தின் பக்க இசையில் இடம்பெற்றது. சதிர் மேடை மாறியபோது அந்த இடமும் சுருங்கியது. நடராஜன் போன்ற பெருங்கலைஞர் அதைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உயர்த்தி, மிக உயர்ந்த விருதையும் பெற்றார். ஆயினும் இன்று கர்நாடக இசையில் கிளாரினெட் வாசிப்போர் மிகச் சிலரே. விருது கலைஞருக்குக் கிடைக்கும். அது வாத்தியத்தைக் காப்பாற்றாது.

புல்லாங்குழல் மூன்றாவது உதாரணம். அது நம் நாட்டு வாத்தியமே. ஆனால் ‘மாலி’ என்று அழைக்கப்பட்ட டி.ஆர். மகாலிங்கம் (1926–1986), ஸ்ரீநிவாஸைப் போலவே பாலமேதையாக மேடையேறி, குழலில் வாய்ப்பாட்டின் கமகங்களைக் கொண்டுவந்து வாசிப்பு முறையையே மாற்றினார். அவருடைய சீடர் என். ரமணி (1934–2015) அந்த முறையைப் பலருக்குக் கற்பித்தார். மாலி மேதை, ரமணி மேதையும் ஆசிரியரும். மாலியின் தனிவழி, ரமணியின் காலத்தில் பொதுவழி ஆயிற்று.

ராக் கிதார் உலகில் இதே கேள்வி

மேல்நாட்டு புளூஸ்-ராக் கிதார் ரசிகர்களும் இத்தகைய விவாதத்தை நடத்துபவர்களே. 1970-இல் 27 வயதில் மறைந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸும், 1990-இல் 35 வயதில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த ஸ்டீவி ரே வானும் அங்கே ஓயாத பேச்சுப்பொருள்கள். வான் ஹெண்ட்ரிக்ஸின் பாடல்களையும் வாசித்தவர். அவர் புதிதாகப் படைத்தவரா, முன்னோரைத் தொடர்ந்தவரா என்று ரசிகர்கள் வாதிடுகின்றனர். புளூஸ் கிதாரிலும் தந்தியை இழுத்து இரு மெட்டுகளுக்கு நடுவிலுள்ள ஒலியை எடுப்பதே உயிர்நாடி என்பதால், இந்த ஒப்பீடு நமக்கு நெருக்கமானது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஹெண்ட்ரிக்ஸ் மறைந்தபோது உலகின் மூலைமுடுக்கெல்லாம் மின் கிதார் கையில் வைத்திருந்த இளைஞர்கள் இருந்தனர். அவர் கண்டெடுத்ததை இசைத்தட்டைக் கேட்டே அவர்கள் பழகினர். எனவே அவருக்குப் பின் கிதார் என்ன ஆகும் என்ற கவலை அங்கே எழவில்லை. ஸ்ரீநிவாஸ் மறைந்தபோது கர்நாடக மாண்டலின் ஒரு சிறு குடும்பமாகவே இருந்தது. அதனால்தான் இங்கே விவாதம் கலைஞரின் இடம் எது என்பதோடு நிற்காமல், வாத்தியம் பிழைக்குமா என்பதுவரை நீள்கிறது.

இன்றைய நிலை

ஸ்ரீநிவாஸின் தம்பி யு. ராஜேஷ் அவரிடமே பயின்றவர். அண்ணனோடு சேர்ந்து பல கச்சேரிகளில் வாசித்தவர். அரவிந்த் பார்கவ் உள்ளிட்ட சீடர்களும் மேடையில் வாசிக்கின்றனர். ஆக, அவரோடு எல்லாம் போய்விட்டது என்பது உண்மையல்ல. ஆனால் மாண்டலின் பக்கவாத்தியம் ஆகவில்லை. கச்சேரிக்குக் கச்சேரி அதைத் தேடும் தேவை உருவாகவில்லை. தனிக்கச்சேரிக்கு ஆள்பிடிக்கும் திறன் உள்ளவர்களாலேயே அது தாங்கப்படுகிறது. வயலின் போன பாதை அதற்கு வாய்க்கவில்லை. கிளாரினெட் போன பாதை அதன் முன்னால் இருக்கிறது. குழல் போன பாதையில் அதைச் செலுத்துவது சீடர்களின் கையில் இருக்கிறது.

அதற்கு வேண்டியது என்ன என்பதையும் வரலாறே சொல்கிறது. ஸ்ரீநிவாஸ் பாடக்கேட்டுத் தாமே கண்டெடுத்த விரல்நுட்பம், அடுத்தவர் படிப்படியாகக் கற்கக்கூடிய பாடமுறையாக மாறவேண்டும். சராசரி மாணவன் ஒருவன் சராசரி ஆசிரியர் ஒருவரிடம் சென்று, மாண்டலினில் தோடி காந்தாரத்தை அசைக்கக் கற்றுக்கொள்ளும் நாள் வந்தால் அந்த வாத்தியம் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

முடிவுரை

மாண்டலினில் கர்நாடக இசை சாத்தியம் என்பதை ஸ்ரீநிவாஸ் ஐயமற நிறுவினார். அது ஒருவர் வாழ்நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை. அதை அவர் முடித்தார். அதை வழக்கமாக்குவது பல தலைமுறைகள் சேர்ந்து செய்யும் வேலை. ரசிகர்களின் விவாதத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. வாரிசுகள் குறைவு என்பதை வைத்து அவரைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமல்ல. வயலினுக்குக்கூட பாலுசுவாமி தீட்சிதர் ஒருவரே போதுமானவராக இருக்கவில்லை. அதேபோல் அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு வியந்துகொண்டிருப்பதால் மட்டும் அவருடைய வாத்தியம் வாழ்ந்துவிடாது. அவர் விட்டுச்சென்றது பாதி முடிந்த வேலை. மீதிப் பாதி வாசிப்போரிடமும், அவர்களுக்கு மேடை தருவோரிடமும், புதிய கைகள் வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்போரிடமும் இருக்கிறது.