அடகும் கீரையும்



'அடகு' என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் நினைவுக்கு வருவது யாது? வட்டிக் கடையும், அங்கே வைக்கப்பெறும் நகையுமே. நம் முன்னோர்க்கோ அச்சொல் வேறொரு பொருளும் தந்தது. உண்ணும் கீரையை அவர்கள் அடகு என்றனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் இவ்விரு பொருளையும் காணலாம்.

அங்ஙனமாயின் 'கீரை' பிற்காலச் சொல்லோ எனின், அன்று. புறநானூற்றின் 159-ஆம் பாட்டில் இரு சொற்களும் வருகின்றன. பாடியவர் பெருஞ்சித்திரனார், பாடப்பெற்றவன் குமணன். வறுமையுற்ற புலவரின் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கொய்கிறாள். முன்பு கொய்த கணுவிலேயே மீண்டும் துளிர்த்த, முற்றாத தளிர் அது. ஆதலின் அப்பசி ஒருநாட் பசியன்று என்பது விளங்கும். உப்பில்லை, மோரில்லை, சோற்றையோ அவள் மறந்தே போனாள். கொய்யும்போது கீரை எனப்பட்டது, உண்ணும்போது அடகு எனப்படுகிறது.

சிறுபாணாற்றுப்படையிலும் இத்தகைய காட்சி உண்டு. குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பின்றி வேகவைத்தவள், பிறர் காண நாணி, வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமையிலும் மானம் காத்த குடும்பம் அது. உள்ளதைப் பகிர்ந்துண்ட குடும்பமும் அதுவே.

எனினும் அடகு வறுமைக்கு மட்டும் அடையாளமன்று. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, நெய்யளாவிய கீரையைப் படைத்தவளைப் போற்றுகிறது. அடகு என்று பொய் சொல்லி அவள் இட்டது அமுதமே என்பது அதன் கருத்து. கம்பர் காட்டும் சீதையோ, அசோகவனத்தில் சிறையிருந்தும் தன் துன்பத்தை மட்டும் எண்ணவில்லை. காட்டில் இராமனுக்கு மெல்லிய அடகை இனி யார் பரிமாறுவார் என்று வருந்துகிறாள். அரண்மனை விருந்தன்று, கீரையே அவள் நினைவுக்கு வருகிறது. இடுகின்ற கையின் அன்பாலேயே எளிய உணவு உயர்வு பெறுகிறது.

இன்று கீரை என்னும் சொல் நம் வீடுகளில் நிலைத்திருக்கிறது. மலையாளத்தில் அது 'சீர' என வழங்குகிறது. அடகோ உணவுப் பொருளை இழந்து, ஈட்டுப் பொருளில் மட்டுமே நம் பேச்சில் நிற்கிறது. அப்பொருள் ஒன்றையே அறிந்தவன் கம்பரைப் படித்தால், சீதையின் கண்ணீர் அவனுக்குப் புலப்படாது. ஆகவே, பழம்பாடலில் பழகிய சொல்லைக் கண்டாலும் அகராதியைப் புரட்டத் தயங்காதீர்கள். தெரியாத சொல் நம்மை நிறுத்திக் கேட்க வைக்கும். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லே நம்மை ஏமாற்றிச் செல்லும்.