பம்பாய்த் தூக்கமும் ஊர் எண்ணெயும்

மும்பைத் தாராவியின் இட்லிக்காரர் வீடுகளில் இரவு பாதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊர் உறங்கும் நேரத்தில் அடுப்பு பற்றவைத்தால்தான் விடியும்போது தூக்குகள் நிரம்பும். ஆண்கள் ரப்பர் ஹாரனை அமுக்கியபடி சைக்கிளில் நகரமெங்கும் கிளம்பிப் போவார்கள். இட்லி வேகவைத்து முடித்த பெண்கள் பாத்திரம் துலக்கி, மறுநாளுக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும். அந்தப் பெண்களின் கண்ணுக்குக் கீழே படிந்திருக்கும் கறுப்பைத்தான் அழகுக் குறிப்புகள் கருவளையம் என்கின்றன. வெள்ளரித் துண்டை வைத்துக்கொள் என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றன. மும்பைத் தமிழர்களைப் பொறுத்தவரை அந்தக் கறுப்புக்கு நூறாண்டைத் தாண்டிய கதை இருக்கிறது. அதில் முக்கால் பங்கு வேலையின் கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழில் தெரிந்தவர்கள் தாராவிக்கு வந்தார்கள். முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அவர்களில் அதிகம். தாராவியின் பெரிய மசூதி 1887இல் எழுந்தது அவர்கள் காலத்தில்தான். பக்கத்திலேயே பாந்த்ரா இறைச்சிக்கூடம் இருந்ததால் பச்சைத்தோலுக்குப் பஞ்சமில்லை. உப்புத் தோலைக் கழுவுவது, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவது, மயிரைச் சுரண்டி எடுப்பது என எல்லாமே கண்ணை எரிக்கும் வேலை. எரியும் கண்ணைப் புறங்கையால் கசக்காமல் யாரால் இருக்க முடியும்? கசக்கக் கசக்க, இமைக்குக் கீழிருக்கும் மெல்லிய தோல் கறுத்துத் தடித்துப் போகும். 1971இல் இறைச்சிக்கூடம் தேவ்னாருக்கு மாறிய பிறகே தாராவியில் பதனிடும் வேலை மெல்லக் குறைந்தது.

தமிழர்கள் குடியேறிய இன்னொரு பகுதியான மாட்டுங்காவின் கதை வேறு. 1896இல் பிளேக் வந்து நகரமே கதிகலங்கியதும், 1898இல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்டை அரசு அமைத்தது. அது வகுத்த தாதர்-மாட்டுங்கா திட்டத்தில் எழுந்த காற்றோட்டமான வீடுகளில் தமிழ் குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும் குடியேறினார்கள். 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் என்று சொந்த ஊரையே அங்கே கட்டிக்கொண்டார்கள். 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார ரயில் ஓடியது. அதற்குப் பிறகு லோக்கல் வண்டியின் நேரம்தான் வீட்டின் நேரம் என்றாகிவிட்டது. கணவன் கிளம்பும் முன் டப்பா தயாராக வேண்டும், குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் குடம் நிறைய வேண்டும். கடைசியாகப் படுத்து முதலில் எழுந்தவள் பெண்தான்.

தமிழர்கள் வாழும் செம்பூரின் ஓரத்தில், டிராம்பேயில், 1954லும் 1955லும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் 1965இல் உர ஆலையும் ஓடத் தொடங்கின. ஷிப்டு வேலையும் புகையும் சேர்ந்தே வந்தன.

இவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வைத்தியம் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்கும்: நல்லெண்ணெய், சீயக்காய், விளக்கெண்ணெய், மை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாகத் திரிப்பார்கள். விளக்கெண்ணெய் அகலில் அதை ஏற்றி, இரண்டு பக்கமும் கிண்ணம் முட்டுக் கொடுத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தால் காலையில் தட்டின் அடியில் கரி படிந்திருக்கும். அதை வழித்து, சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்துச் சிமிழில் அடைத்தால் வருடக்கணக்கில் வரும். கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம்பிக்கை. கீழிமையில் இழுத்த மை சாயங்காலத்துக்குள் கசிந்து கறுப்பைக் கூட்டிக் காட்டும், அழுத்தித் துடைத்தால் உள்ள தோலும் கறுக்கும் என்பது பாட்டிகளுக்கும் தெரிந்ததுதான். கலீனா என்ற ஈயத் தாதுவை அரைத்துச் செய்யும் சுர்மா என்ற கண்மையோ இதைவிட ஆபத்து. அந்த ஈயம் உடம்பில் ஏறினால் ரத்தமே குறையும்.

சென்னையில் 1938இல் தொடங்கிய அரவிந்த் லேபரட்டரீஸின் ஐடெக்ஸ் மையும், டாட்டா ஆயில் மில்ஸ் 1952இல் பம்பாயில் தொடங்கிய லாக்மேயும் மைச் சிமிழை மெல்ல அலமாரிக்குள் தள்ளின.

எண்ணெய்க் குளியல்தான் உண்மையில் பெரிய மருந்து. ஆணுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி என்பது ஊர் முறை. எண்ணெய் தேய்த்த அன்று வெயிலில் அலையக் கூடாது, கனமான வேலை கூடாது என்றெல்லாம் சொல்லிவைத்தார்கள். எண்ணெய் செய்ததைவிட அந்த ஓய்வு செய்தது அதிகம் என்றே தோன்றுகிறது. பொதுக் குழாயும் பத்துக்குப் பத்து அறையும் உள்ள இடத்தில் வாராவாரம் அது எப்படி நடக்கும்? எங்கே விட்டுப்போனாலும் தீபாவளிக் குளியல் மட்டும் விடவில்லை. நரக சதுர்த்தசி விடியலில் மராத்திக்காரர் வீட்டிலும் எண்ணெய் தேய்த்து, உட்ணே என்ற வாசனைப் பொடி பூசிக் குளிப்பார்கள். ஒரே மாடியில் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே நேரத்தில் எண்ணெய்த் தலையோடு வெந்நீருக்குக் காத்திருக்கும் நாள் அது.

மருத்துவம் இந்தக் கறுப்பைக் கவனிக்க நாளானது. பல வீடுகளில் இது பரம்பரையாக வருவது என்று 1969இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சுட்டியது. சிங்கப்பூர் தேசியத் தோல் மையத்தின் ஆய்வு, 2011இல், கருவளையம் உள்ள 200 பேரை வகைப்படுத்திப் பார்த்தது. பத்தில் நான்கு பேருக்கு மெல்லிய தோலுக்கு அடியில் தெரியும் ரத்தக்குழாய்களே காரணம். ஏறக்குறைய அதே அளவினருக்குப் பிறவி நிறம். குஜராத்தில் 200 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இன்னும் நெருக்கமானது. ஐந்தில் நான்கு பேர் பெண்கள், பாதிக்குச் சற்றுக் குறைவானோர் இல்லத்தரசிகள். பத்தில் நான்கு பேருக்குத் தூக்கம் போதவில்லை, மூன்றில் ஒருவருக்குக் கண் கசக்கும் பழக்கம்.

வீட்டு வைத்தியத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் எது எதற்கு உதவும் என்பது விளங்கும். வெள்ளரியோ ஆறிய தேயிலைப் பையோ குளிர்ச்சியால் ரத்தக்குழாயைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கும், அதுவும் சில மணி நேரத்துக்கு. பாதாம் எண்ணெய் வறண்ட தோலை இளக்கும். மழைக்காலத்துச் சுவர் ஈரத்திலும் பூஞ்சையிலும் மூக்கடைப்பு வந்து கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தால், மூக்கைச் சரிசெய்வதே வைத்தியம். நொச்சி ஆவி அங்கே ஆறுதல் தரும். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அது எரித்துப் புண்ணாக்கி, கறுப்பைக் கூட்டும். அம்மாவிடமிருந்து வந்த நிறத்துக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. அதைக் குறையென்று சொல்லிக் களிம்பு விற்பவர்கள் மீது கோபம்தான் வருகிறது.

களைப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்திருந்தால் கதை வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தோல் வெளுக்கும்போது கண்ணுக்குக் கீழுள்ள கறுப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்து உள்பக்கம் சிவப்பில்லாமல் வெளுத்திருந்தால், வெள்ளரி வாங்கும் காசுக்குத் தாராவியை ஒட்டியே இருக்கும் சயான் மருத்துவமனைக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம்.