ஆணாக வளர்ந்து பெண்ணாகும் சியாக்காப்

ஜுரு, புக்கிட் தம்புன் வட்டாரக் கடலுணவுக் கடைகளில் ஸ்டீம் செய்து தரும் சியாக்காப் மீனின் வயிற்றில் சினை கிடைப்பது அரிது. தமிழ்நாட்டில் கொடுவா எனப்படும் இம்மீன், பெரும்பாலும் 3, 4 வயதில் ஆணாக முதிர்ந்து, 6 முதல் 8 வயதுக்குள் பெண்ணாக மாறுகிறது. கூண்டில் வளர்க்கப்படுவதோ ஒரு கிலோ எடைக்குள்ளேயே தட்டுக்கு வந்துவிடும். பெண்ணாக மாற அதற்கு ஏது நேரம்?

கெராப்பு நேர்மாறு. பெண்ணாகத் தொடங்கிப் பெருத்தபின் ஆணாகும். வீட்டுத் தொட்டிகளில் நீந்தும் வண்ண வண்ண ராஸ் மீன்களில் பலவும் அப்படித்தான். கூட்டத்தின் ஆண் செத்தால் பெரிய பெண் அந்த இடத்துக்கு வரும்.

கடலில் பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால் சியாக்காப்பில் பெண்ணும் கெராப்பில் ஆணும் குறையும். குஞ்சு பொரிப்பகங்களிலும் ஆண் கெராப்புக்குத் தட்டுப்பாடுதான். அங்கே பெண் மீனுக்கு ஹார்மோன் கொடுத்து முன்கூட்டியே ஆணாக்குவதுண்டு.