சக்கர விளிம்பும் சட்டத்தின் அளவுகோலும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1958 ஜனவரி 1 அன்று ஒரு போக்குவரத்து விதி நடைமுறைக்கு வந்தது. வாகனச் சட்டத் தொகுப்பின் 24008ஆம் பிரிவு என்ற பெயரில் அது பின்னர் அறியப்பட்டது. மாற்றியமைக்கப்பட்ட பயணிகள் காரில், சக்கரங்கள் நீங்கலாக வேறு எந்தப் பகுதியும் ரிம்மின் மிகத் தாழ்ந்த புள்ளிக்குக் கீழே தொங்கலாகாது என்பது அதன் சாரம். 2024 ஜனவரி 1 அன்று அவ்விதி நீக்கப்பட்டது. இடைப்பட்ட 66 ஆண்டுகளில் அது யாரை நோக்கிப் பயன்பட்டது என்பது பண்பாட்டு வரலாற்று நூல்களில் ஓரளவு பதிவாகியுள்ளது. உயரம் குறைக்கப்பட்ட காரின் சக்கரங்களுக்கு என்ன நேர்கிறது என்பது பொறியியல் நூல்களில் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் படிப்போர் குறைவு. சேர்த்துப் படித்தால் ஒரு முரண் தெரியவரும்: சட்டம் அளந்தது உயரத்தை, உயரம் குறையும்போது கேடு விளைவது கோணத்தில்.

சொல்லைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. ‘தாழ்த்தப்பட்ட’ என்ற பெயரடையைத் தமிழில் ஒரு காருக்கு எளிதாகச் சூட்டிவிட முடியாது. சமூக வரலாறு அச்சொல்லின்மேல் வேறொரு பாரத்தை ஏற்றிவைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்களோ தாழ்வைக் குறிக்கும் சொல்லையே விரும்பி எடுத்துக்கொண்டனர். ஆங்கிலத்தில் ‘லோரைடர்’, ஸ்பானியத்தில் ‘பஹித்தோ’. ‘தாழ்வாகவும் மெதுவாகவும்’ என்பது அவர்களது முழக்கம். வேகத்தையும் உயர்ந்து நிற்கும் பின்பகுதியையும் கொண்டாடிய வெள்ளையர் ஹாட்ராட் மரபுக்கு அது நேரெதிரானது.

சக்கரத்தின் கோணம் ஒரு சிக்கலாக உருவெடுத்த வரலாறு காருக்கு முந்தையது. குதிரை வண்டியில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியை மையமாகக் கொண்டு திரும்பியது. மியூனிக் நகரில் வண்டி கட்டும் தொழில் செய்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர், அச்சு அசையாமல் அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் மட்டும் திரும்பும் அமைப்பை 1816இல் வகுத்தார். லண்டனில் அவருடைய முகவராக இருந்து 1818இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். அச்சோவியங்களும் நூல்களும் வெளியிட்டவர். வடிவியல் இன்றும் முகவரின் பெயரால்தான் வழங்குகிறது. திருப்பத்தில் உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும் என்பது அதன் அடிப்படை. சக்கரங்கள் தனித்தனியே திரும்பத் தொடங்கிய பிறகுதான், அவை ஒன்றோடொன்று எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கே இடம் உண்டானது.

அக்கோணங்களின் பெயர்கள் வெவ்வேறு தொழில்களிலிருந்து வந்தவை. சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்வது ‘கேம்பர்’. வளைவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, கப்பல் தளத்தின் புடைப்புக்கும் சாலையின் நடுமேட்டுக்கும் வழங்கியது அது. திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு ‘காஸ்டர்’. மேசை நாற்காலிகளின் அடியில் உருளும் சிறுசக்கரத்தின் பெயர். மேலிருந்து நோக்கும்போது இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் நெருங்குவதும் விலகுவதும் ‘டோ’, அதாவது கால்விரல். மூன்றையும் நம் பட்டறைகள் மொழிபெயர்க்காமலே ஏற்றுக்கொண்டன. மூன்றையும் சேர்த்து ‘அலைன்மென்ட்’ என்று சொன்னால் வேலை முடிந்துவிடுகிறது.

1930களின் தொடக்கம்வரை பெரும்பாலான அமெரிக்கக் கார்களின் முன்புறம் ஒரே இரும்பு அச்சைக் கொண்டிருந்தது. அத்தகைய காரைத் தரையை நோக்கி இறக்குவது கொல்லன் வேலை: அச்சைக் காய்ச்சி வளைக்கலாம், பட்டைவில்லைத் தளர்த்தலாம். இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இருப்பதால் கேம்பர் மாறுவதில்லை. 1934ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்நிலையை மாற்றியது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து வந்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளரின் பணியால், ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்து ஏறி இறங்கும் அமைப்பு காடிலாக், ப்யூயிக் கார்களில் இடம்பெற்றது. மேலே ஒரு குட்டையான ஆர்ம், கீழே ஒரு நீண்ட ஆர்ம், நடுவே சுருள்வில். மேல் ஆர்ம் குட்டையாக இருப்பதால், சக்கரம் மேலேறும்போது அதன் தலை உட்புறம் சாய்கிறது. வளைவில் உடல் வெளிப்புறம் சரியும்போது டயர் சாலையில் படிந்திருக்க இது உதவும். வடிவமைப்பாளர் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது.

ஆனால் அந்த ஏற்பாடு ஓர் உயரத்தை முன்னிட்டுக் கணக்கிடப்பட்டது. சுருள்வில்லைக் குறுக்கினால் சக்கரம் நிரந்தரமாக மேலேறிய நிலையிலேயே நிற்கிறது. வளைவில் ஒரு கணம் நிகழ வேண்டிய சாய்வு நேர்ச்சாலையிலும் தொடர்கிறது. திசைமாற்றும் டை ராடும் ஆர்ம்களும் வெவ்வேறு வட்டவில்களில் நகர்வதால் டோ அளவும் பிறழ்கிறது. ஆக, உயரத்தைக் குறைப்பது சக்கரக் கோணத்தைக் கெடுக்கும் செயலாக மாறியது 1934க்குப் பிறகே. இதை விரைவாகப் படிப்போர் தவறவிடுவதுண்டு.

ஃபோர்டு 1948 மாடல்வரை ஒற்றை அச்சையே வைத்திருந்தது. ஹாட்ராட் இளைஞர்களின் விருப்பம் பெரும்பாலும் ஃபோர்டே. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்களோ பழைய செவ்ரோலேக்களை நாடினர். 1939ஆம் ஆண்டு செவ்ரோலே முதல் அதன் முன்புறத்திலும் இரட்டை ஆர்ம்களும் சுருள்வில்லும் வந்துவிட்டன. புதுக் கார் வாங்கப் பணமற்றவர்கள், கோணம் எளிதில் பிறழும் கார்களையே இறக்க நேர்ந்தது.

அவர்களிடம் இருந்த உபாயங்கள் எளியவை. டிக்கியில் மணல் மூட்டைகளை அல்லது சிமென்ட் மூட்டைகளை ஏற்றினர். சுருள்வில்லை விளக்கால் காய்ச்சித் தொய்ய விட்டனர். இது உருக்கின் பதத்தையே அழித்துவிடும். ஒரு சுற்றை அறுத்தெடுப்பது இன்னொரு வழி. சுருள்வில்லின் விறைப்பு, இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர் விகிதத்தில் அமையும். 8 சுற்றுகளில் ஒன்றை அறுத்தால் எஞ்சியது ஏறத்தாழ 14 விழுக்காடு விறைப்பாகும். தற்செயலாயினும் அது நன்மையே. குறைந்த இடைவெளியில் ஏறி இறங்க வேண்டிய காருக்கு விறைப்பான வில் தேவை. பின்னாளில் தொழிற்சாலைகள் விற்ற லோயரிங் ஸ்பிரிங்குகள் இதே கணக்கை முறைப்படி செய்தவைதான்.

டயரின் கணக்கு வேறு. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்களில் டோ அளவு மொத்தமாக 3 மில்லிமீட்டர் பிறழ்ந்தால், ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய ஏழில் ஒரு பாகை திரும்பி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆயினும் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் சுமார் 2.5 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. சாய்ந்த சக்கரம் டயரின் உள்விளிம்பைத் தின்பதாகப் பொதுவாகக் குற்றம்சாட்டுவர். உண்மையில் பெரும்பங்கு தின்பது டோ. கேம்பர், தின்னும் இடத்தை உள்விளிம்புக்கு ஒதுக்கிக் கொடுக்கிறது.

இப்பின்னணியில் 1958ஆம் ஆண்டு விதியை நோக்க வேண்டும். அது முற்றிலும் மூடத்தனமானது என்று தள்ளிவிட முடியாது. ஓடும்போது ஒரு டயர் காற்றிழந்தால் கார் ரிம்மின்மேல் இறங்கும். அப்போது ரிம்முக்குக் கீழே தொங்கும் எப்பகுதியும் சாலையில் உராய்ந்து ஓட்டுநரின் கட்டுப்பாட்டைப் பறிக்கும். ஹாட்ராட் கட்டியோரும் இவ்வெல்லையை மதித்தே வந்தனர். விதிக்குப் பொறியியல் நியாயம் இருந்தது. நியாயமற்றிருந்தது அது செயல்பட்ட விதம். வளைந்த டை ராடையோ உள்விளிம்பு தேய்ந்த டயரையோ எந்தக் காவலரும் குனிந்து பார்க்கவில்லை. அவற்றை அறிய அளவுக்கருவி வேண்டும். தாழ்ந்த காரை அறியக் கண் போதும், ஓட்டுநரின் நிறத்தை அறியவும் அதே கண் போதும். விட்டியர் புலிவார்டில் மாலை வேளைகளில் நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதைப் பற்றி லோரைடர் தலைமுறையினரின் நினைவுகூரல்கள் பெரிதும் ஒத்துப்போகின்றன.

அளவுகோலுக்கு விடை அளவுகோலின் மொழியிலேயே வந்தது. தென் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ரான் அகிரே, ‘எக்ஸ்-சோனிக்’ என்று பெயரிட்ட தம் கார்வெட் காரில், போர் விமானங்களின் உபரிச் சந்தையில் கிடைத்த ஹைட்ராலிக் பம்புகளையும் வால்வுகளையும் 1950களின் இறுதியில் பொருத்தினார். விசையைத் தட்டினால் கார் இறங்கும். காவலர் தென்பட்டால் சட்டப்படியான உயரத்துக்கு எழும். பின்னர் லாரிகளின் பின்கதவைத் தூக்கும் பம்புகள் மலிவாகக் கிடைக்கவே இம்முறை பரவியது. லோரைடர் பண்பாட்டின் அடையாளமாக இன்று உலகம் அறிந்துள்ள துள்ளும் கார், அபராதச் சீட்டுக்கான மறுமொழியாகப் பிறந்தது. 1958 முதல் 1964 வரையிலான செவ்ரோலே இம்பாலா இதற்கு வாகாக அமைந்தது: நான்கு மூலைகளிலும் சுருள்வில், அடியில் எக்ஸ் வடிவச் சட்டகம்.

ஆனால் ஹைட்ராலிக் பம்பு ஏமாற்றியது காவலரை மட்டுமே, வடிவியலை ஏமாற்றவில்லை. முழுதாக எழும்பி நிற்கும் இம்பாலாவில் குட்டையான மேல் ஆர்ம் சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கிறது. அதைச் சரிசெய்ய மேல் ஆர்மை அறுத்து, ஓர் அங்குலம் நீட்டிப் பற்றவைப்பர். அப்போது கார் இறங்கிய நிலையில் சக்கரத்தின் தலை வெளியே சாயும். ஓர் உயரத்துக்குச் சரிசெய்தால் மற்றோர் உயரத்தில் பிழை. அலைன்மென்ட் மேடையில் ஏறும் அத்தகைய காரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த உயரத்தில் அளப்பது என்பதே. வழக்கமாக ஓடும் உயரத்தைத் தேர்ந்து, மற்றவற்றைப் பொறுத்துக்கொள்வதே நடைமுறை.

உயரத்தையும் கோணத்தையும் ஒருசேரக் கருதும் சட்டமும் உண்டு. ஜெர்மனியில் வாகன உரிம விதிகளின் 19ஆம் பிரிவு, அபாயம் விளைவிக்கக்கூடிய மாற்றங்களால் வண்டியின் இயக்க அனுமதியே காலாவதியாகும் என்கிறது. எனினும் அங்கு ஐபாக் போன்ற உற்பத்தியாளர்கள் விற்கும் லோயரிங் ஸ்பிரிங்குகளுடன் ஆய்வறிக்கை ஒன்று வரும். எந்த மாடலுக்குப் பொருந்தும், சக்கரக் கோணங்களையும் முகப்பு விளக்கின் சாய்வையும் மறுபடி சரிபார்த்தல் முதலிய நிபந்தனைகள் எவை என்பன அதில் இருக்கும். ஆய்வாளர் பார்த்து ஒப்பமிட்டால் மாற்றம் சட்டப்படியானது. தாழ்வு அங்குக் குற்றம் அன்று. ஆய்வுக்குட்படாத தாழ்வே குற்றம்.

இந்தியச் சட்டம் மூன்றாவது வழியில் செல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றி, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அப்பிரிவைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம் மாற்றியமைத்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என வகுத்தது. உரிமையாளர் ஒப்பிட வேண்டியது காகிதத்தை. வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள தூரம் என்ற பத்தியோ அந்தக் காகிதத்தில் இல்லை.

தடை இருந்தும் மாற்றுவோர் உண்டு. அவர்களது கார்களின் வடிவியலும் வேறு. மாருதி 800 முதற்கொண்டு இங்கு ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்புறம் மேக்ஃபர்சன் அமைப்பைக் கொண்டது: மேல் ஆர்ம் கிடையாது, ஷாக் அப்சார்பரே அதன் பணியையும் செய்கிறது. இவ்வமைப்பில் ஓர் எல்லைக்கு மேல் இறக்கினால், கீழ் ஆர்ம் மேல்நோக்கிச் சரிந்து, வளைவில் கிடைக்க வேண்டிய உட்சாய்வு கிடைக்காமல் போகிறது. உருள்மையம் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகத் தாழ்வதால், தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாகச் சரியவும் கூடும். பந்தயக் காரின் தோற்றத்தை வாங்கியவருக்கு அதன் குணம் கிடைப்பதில்லை. பல மாடல்களில் தொழிற்சாலை சரிசெய்ய வழிவிட்டிருப்பது டோ ஒன்றையே. கேம்பருக்குத் தனி போல்ட்டுகளோ மேல்தட்டுகளோ வாங்கிப் பொருத்த வேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் தன் எடையில் சக்கரங்களின்மேல் நிற்கும்போது இறுக்க வேண்டும், புது ஸ்பிரிங் சில நாள் ஓடிப் படிந்தபின் அளக்க வேண்டும் என்ற வரிசையும் முக்கியமானது. ஸ்பிரிங் மாற்றிய அன்றே எடுத்த அலைன்மென்ட் அச்சுச்சீட்டு, இனி இராத ஓர் உயரத்தின் பதிவு மட்டுமே.

கலிஃபோர்னியாவில் 24008ஆம் பிரிவை நீக்கிய 2023ஆம் ஆண்டு மசோதா, கார்கள் மெதுவாக உலா வருவதை நகராட்சிகள் தடைசெய்ய 1980களில் தரப்பட்ட அதிகாரத்தையும் சேர்த்தே நீக்கியது. இம்பாலாக்கள் இப்போது எழும்பாமலேயே காவலரைக் கடந்து செல்லலாம். அவற்றின் மேல் ஆர்ம்கள் இன்றும் ஓர் அங்குலம் நீட்டியே பற்றவைக்கப்படுகின்றன.